இருக்கும் கோப்பை இல்லை என்னும் கணினி

என்னுடைய கணினியில் ஒழுங்காக ஓடிய ஒன்று, ஓர் எழுத்துக்கூட மாறாமல் இன்னொருவரின் கணினிக்குப் போனதும் ஏன் முரண்டு பிடிக்கிறது? கணினியோடு கொஞ்சமேனும் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஒரு தடவையாவது வந்திருக்கும். கணினி சொல்லும் காரணம் சில வேளை இன்னும் விசித்திரமாக இருக்கும். கோப்பு கண்முன்னே கிடக்கிறது. அதை இயக்கு என்றால், 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று பதில் வருகிறது.

இந்த அத்தியாயத்துக்காக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். சுன்னாகத்தில் உயர்தரம் படிக்கிறாள். இலங்கையின் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் பைத்தன் மொழி இருப்பதால் செய்நிரல் எழுதத் தெரியும். அவளுடைய அம்மப்பா ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தவர். நிலையத்தின் கூட்டறிக்கைகளையெல்லாம் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஈழத் தமிழர் கணினிகளில் பாமினி இல்லாத வீடு குறைவு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. திரையில் தெரிவது தமிழ். உள்ளே சேமிக்கப்படுவது ரோமன் எழுத்து. 'ஜே' இருக்க வேண்டிய இடத்தில் 'த'வின் வடிவமும், 'கே' இருக்க வேண்டிய இடத்தில் 'ம'வின் வடிவமும் வரையப்பட்டிருக்கும். 'தமிழ்' என்று நாம் காண்பதைக் கணினி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே அறிந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். கூகிளில் தேடினாலும் அகப்படாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளால் ஈழத்து எழுத்துகள் இணையத்துக்கு வந்துகொண்டிருக்கும் காலத்தில், பழைய பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது பல வீடுகளில் மிச்சமிருக்கும் வேலை.

நம்முடைய மாணவி அதற்கு ஒரு சிறிய பைத்தன் ஸ்கிரிப்ட் எழுதுகிறாள். பெயர் 'மாற்றி'. அவளுடைய லினக்ஸ் மடிக்கணினியில் அழகாக ஓடுகிறது. ரொறன்ரோவில் மக் கணினி வைத்திருக்கும் பெரியம்மாவின் மகனுக்கு அனுப்புகிறாள். அன்றிரவே அழைப்பு வருகிறது.

"பிள்ளை, நீ அனுப்பினது ஓடேல்லை. அப்பிடி ஒரு கோப்பே இல்லையெண்டு சொல்லுது."

"இருக்குது அண்ணா, நான் ரெண்டு தரம் அனுப்பினனான். வடிவாப் பாருங்கோ."

இருவர் சொல்வதும் உண்மை. கோப்பு இருக்கிறது. ஆனால் கணினி இல்லை என்று சொன்னது அந்தக் கோப்பைப் பற்றியல்ல.

கருவகம் பார்க்கும் இரண்டு பைற்றுகள்

ஒரு கோப்பை இயக்கச் சொன்னால் அந்தக் கட்டளை கடைசியில் போய்ச் சேருமிடம் பணிசெயல் முறைமையின் மையப் பகுதி. கேர்னல் என்பார்கள், இங்கே கருவகம் என்போம். லினக்ஸ், மக் போன்ற யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் கருவகம் கோப்புப் பெயரின் பின்னொட்டைப் பார்ப்பதில்லை. கோப்பைத் திறந்து அதன் தொடக்கத்தை மட்டும் வாசிக்கிறது. இயந்திர மொழியில் உள்ள செய்நிரல் என்றால் லினக்ஸில் முதற் பைற்று 127; அடுத்து ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்துகள். மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் ஸ்கிரிப்ட் என்றால் முதற் பைற்று 35, அடுத்தது 33. அதாவது # என்ற குறி, பிறகு ! என்ற குறி.

இந்த இரண்டையும் கண்டதும் கருவகத்துக்கு விளங்கிவிடும்: இதை நான் நேரே இயக்க முடியாது, வாசித்துப் பொருள் சொல்ல வேறொரு செய்நிரல் வேண்டும். அந்தச் செய்நிரலை இன்ரர்பிரிற்றர் என்பார்கள்; இனி உரைப்பான் என்று எழுதுகிறேன். உரைப்பான் எங்கே இருக்கிறது என்பதை அதே வரியின் மிச்சம் சொல்லும். மாணவியின் கோப்பில் முதல் வரி இப்படி இருந்தது (கணினியில் இது ரோமன் எழுத்தில் இருக்கும், இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்):

#!/யூஎஸ்ஆர்/பின்/பைத்தன்

கருவகம் அந்த முகவரியில் உள்ள பைத்தனை எழுப்பி, 'மாற்றி' என்ற பெயரை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பைத்தன் கோப்பை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறது. முதல் வரி # என்று தொடங்குவதால் அதைக் குறிப்புரை என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறது. ஒரே வரி, கருவகத்துக்கு அது கட்டளை, உரைப்பானுக்கு அது ஒன்றுமில்லை. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

மக் கணினியிலும் கருவகம் இதைத்தான் செய்தது. சொன்ன முகவரிக்குப் போனது. அங்கே பைத்தன் என்று எதுவும் இல்லை. 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்தது. இல்லாத கோப்பு உரைப்பான்தான், ஸ்கிரிப்ட் அல்ல. ஆனால் ஸ்கிரிப்டே இல்லாதபோதும் கருவகம் கொடுப்பது இதே பிழை எண். எது இல்லை என்று அது சொல்வதில்லை. நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கிக் கருவகத்திடம் கொடுக்கும் செய்நிரலை ஷெல் என்பார்கள். சில ஷெல்கள் தாமாகவே கோப்பைத் திறந்து பார்த்து, 'உரைப்பான் சரியில்லை' என்று நடுவில் ஒரு சொல் சேர்த்துச் சொல்லும். அவசரத்தில் வாசிப்பவர் கண்ணில் படுவது வரியின் கடைசிச் சொற்கள் மட்டுமே.

1980ஆம் ஆண்டின் ஒரு மடல்

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று துல்லியமாகத் தெரியும். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1980 ஜனவரியில் கருவகத்தில் இந்த மாற்றத்தைச் செய்து, அதை விளக்கி ஒரு மடல் எழுதினார். அதற்கு முன் ஸ்கிரிப்ட் என்றால் என்னவென்றே கருவகத்துக்குத் தெரியாது. இயக்க முடியாது என்று கையை விரித்துவிடும். அப்போது ஷெல் தானே கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பது தன்னுடைய மொழிதான் என்று நம்பி வாசிக்கத் தொடங்கும். ஷெல்கள் ஒன்றுக்கு மேற்பட்டபோது அந்த நம்பிக்கை பொய்க்கத் தொடங்கியது.

ரிட்சியின் மடலில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, முழு முகவரியையும் எழுத வேண்டும். கருவகம் தேடிப் பார்க்காது. மற்றது, அப்போதைக்கு முழு வரியும் 16 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை பிறகு தளர்ந்தது. முதலாவது இன்றுவரை அப்படியே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வந்த அழைப்புக்குக் காரணம் அந்த முதல் நிபந்தனைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுனிக்ஸ் வகை முறைமைகளெல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பொசிக்ஸ் என்ற நியமம் இருக்கிறது. ஆயிரம் நுணுக்கங்களை வரையறுக்கும் அந்த நியமம், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் #! என்று தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் வரையறுக்காமல் விட்டுவிட்டது. உலகத்தின் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் எழுதப்படாத ஒரு வழக்கத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரே பெயர், வேறு வேறு இருப்பிடம்

முகவரி ஏன் மாறுகிறது? முறைமையைச் செய்தவர்களின் ஒழுங்குதான் காரணம். லினக்ஸ் வகைகள் பலவற்றில் முறைமையோடு வருவதும் நாம் பிறகு நிறுவுவதும் ஒரே கோப்புறையில் கலந்து இருக்கும். ஃபிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற வேறு யுனிக்ஸ் வழி முறைமைகள் அந்த இரண்டையும் பிரித்தே வைக்கும். நாம் நிறுவியது 'லோக்கல்' என்ற உட்கோப்புறைக்குள் போகும். நெற்பிஎஸ்டியில் அதற்கு வேறொரு கோப்புறை. மக் கணினியில் ஹோம்புரூ என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவினால், பழைய இன்ரெல் இயந்திரங்களில் ஓரிடம், 2020 முதல் வந்த ஆப்பிள் சிப் இயந்திரங்களில் இன்னோரிடம். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையோ ஒவ்வொரு மென்பொருளையும் நீண்ட குறியீட்டெண் கொண்ட தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கிறது.

இடம் சரியாக இருந்தும் ஆள் வேறாக இருக்கலாம். மக் கணினியில் பாஷ் என்ற ஷெல் வழக்கமான முகவரியில்தான் இருக்கிறது. ஆனால் அது 2006இல் வெளியான 3.2 வரிசை. அதற்குப் பிந்திய பதிப்புகளின் உரிம நிபந்தனைகளை ஏற்காத ஆப்பிள் நிறுவனம் அங்கேயே நின்றுவிட்டது. 2009இல் வந்த நான்காம் பதிப்பின் வசதிகளைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் அங்கே நடுவழியில் நிற்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2006இல், 'எஸ்எச்' என்ற பெயருக்குப் பின்னால் பாஷ் இருந்த இடத்தில் டாஷ் என்ற சிறிய ஷெல்லை வைத்தது. முதல் வரியில் எஸ்எச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் வசதிகளைப் பயன்படுத்தியவர்களின் ஸ்கிரிப்டுகள் அப்போது வரிசையாக விழுந்தன.

பைத்தனின் கதை இதைவிடக் குழப்பம். பைத்தன் 2, பைத்தன் 3 என்ற இரண்டும் ஒன்றையொன்று முழுதாக ஏற்காத மொழிகள். 'பைத்தன்' என்று மட்டும் சொன்னால் எது வரும்? ஆர்ச் லினக்ஸில் 2010 முதல் மூன்று. மக் கணினியில் பல ஆண்டுகளாக இரண்டு. 2020 ஜனவரி 1 முதல் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு நின்றது. 2022இல் வந்த 12.3 பதிப்போடு மக் முறைமை அதை அகற்றியேவிட்டது. நம்முடைய அண்ணாவின் கணினி அதற்குப் பிந்தியது. அதனால் 'இல்லை' என்றது. முந்தியதாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பைத்தன் 2 எழுந்து வந்து, தமிழ் எழுத்துகள் நிறைந்த அந்தக் கோப்பைக் கண்டு திகைத்து, சம்பந்தமில்லாத ஒரு பிழையைச் சொல்லியிருக்கும்.

சந்திக் கடையில் கேட்டுப் போவது

ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. 'கோயிலடி ஒழுங்கையில் இடப்பக்கம் மூன்றாவது வீடு' என்று எழுதிக் கொடுக்கலாம். அவர் வீடு மாறியிருந்தால் நாம் மூடிய படலையைத்தான் தட்டுவோம். 'சந்திக் கடையில் அவர் பெயரைச் சொல்லிக் கேள்' என்றும் அனுப்பலாம். கடை அங்கேயே இருக்கும் வரைக்கும், அவர் எங்கே இருந்தாலும் வழி கிடைக்கும்.

யுனிக்ஸ் உலகின் சந்திக் கடை 'என்வ்' என்ற சிறிய செய்நிரல். அது உண்மையில் வேறொரு வேலைக்காக உருவானது. ஒரு செய்நிரலை அதன் சூழல் மாறிகளை மாற்றி இயக்குவதே அதன் தொழில். ஆனால் அதன் இரண்டு குணங்கள் நமக்கு உதவுகின்றன. ஒன்று, அது ஏறத்தாழ எல்லா யுனிக்ஸ் வழி முறைமைகளிலும் ஒரே முகவரியில் இருக்கிறது. எதையும் வழக்கமான இடத்தில் வைக்காத நிக்ஸ்ஓஎஸ்கூட எஸ்எச், என்வ் என்ற இரண்டை மட்டும் பழைய இடங்களிலேயே விட்டுவைத்திருக்கிறது. மற்றது, அது செய்நிரலைப் பெயரைக் கொண்டு தேடும். எங்கே எங்கே தேடுவது என்பதற்கு ஒவ்வொரு பயனரிடமும் ஒரு கோப்புறைப் பட்டியல் உண்டு. அதைத் தேடற்பாதை என்போம். கருவகம் தேடற்பாதையைப் பார்ப்பதில்லை. என்வ் பார்க்கும்.

ஆகவே முதல் வரி இப்படி மாறுகிறது:

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தன்3

கருவகம் என்வை எழுப்புகிறது. என்வ் தேடற்பாதையில் பைத்தன்3 என்ற பெயரைத் தேடி எடுத்து, ஸ்கிரிப்டை அதன் கையில் கொடுக்கிறது. ரோமன் எழுத்தில் இந்த வரி 22 குறிகள். ரிட்சியின் முதல் அளவுக்குள் அடங்கியிராது. 'பைத்தன்' என்று விட்டுவிடாமல் '3' என்று சேர்த்ததையும் கவனியுங்கள். முகவரியைப் பொதுவாக்கும்போது பெயரைத் துல்லியமாக்க வேண்டும். சந்திக் கடையில் 'வாத்தியார் வீடு எது?' என்று கேட்டால் எந்த வாத்தியார் என்று திருப்பிக் கேட்பார்கள். என்வ் கேட்காது, முதலில் அகப்பட்ட ஆளிடம் கொண்டுபோய் விட்டுவிடும்.

மாணவி வரியை மாற்றி அனுப்பினாள். ரொறன்ரோவில் ஓடியது.

ஒரு சிறு இடறல்

சிலர் உரைப்பானின் பெயருக்குப் பிறகு ஒரு தெரிவையும் சேர்ப்பார்கள், 'பைத்தன்3 -யு' என்பது போல. மக் முறைமை அந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பிரித்துக் கொடுக்கும். லினக்ஸோ முதல் முகவரிக்குப் பிறகு வரும் அனைத்தையும் ஒரே சொல்லாகக் கட்டிக் கொடுக்கும். அப்போது என்வ் நடுவில் இடைவெளியுள்ள ஒரு விசித்திரமான பெயரைத் தேடும். அப்படி எதுவும் இராது. லினக்ஸில் இயங்கும் குனூ என்வில் 2018இல் -எஸ் என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. அது அந்தக் கட்டை அவிழ்த்துப் பிரிக்கும். ஃபிரீபிஎஸ்டியில் அது முன்பே இருந்தது. ஆனால் பழைய லினக்ஸ் கணினிகள் இன்னும் எத்தனையோ பாடசாலைகளில் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரிவுகளை முதல் வரியில் வைக்காமல் ஸ்கிரிப்டின் உள்ளே வைப்பதே நல்லது.

கண்ணுக்குத் தெரியாத மூன்று பைற்றுகள்

இனி வருவது தமிழில் எழுதுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கொழும்பில் இருக்கும் ஓர் ஆசிரியர் 'மாற்றி'யைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள எழுத்து அட்டவணையில் 'ஸ்ரீ' விடுபட்டிருப்பதைக் காண்கிறார். அவருடையது பழைய விண்டோஸ் கணினி. ஸ்கிரிப்டின் வரிகளைப் பிரதி செய்து நோட்பேட்டில் ஒட்டி, விடுபட்டதைச் சேர்த்துச் சேமிக்கிறார். சில எழுத்துகள் இழக்கப்படும் என்று நோட்பேட் எச்சரிக்கிறது. தமிழ் இருக்கிறதே! ஆகவே பட்டியலிலிருந்து யூடிஎஃப்-8 என்பதைத் தெரிந்து சேமித்து, மாணவிக்கு அனுப்பிவைக்கிறார்.

மாணவி தன் லினக்ஸில் அதை இயக்குகிறாள். பிழைச் செய்தி ஒன்று வருகிறது. உடனே சுட்டி சிலுவைக் குறியாக மாறிவிடுகிறது. எங்கே சொடுக்கினாலும் கோப்புறையில் ஒரு புதுப் படக்கோப்பு முளைக்கிறது. வைரஸ் என்று அவள் பயந்தால் அதில் பிழையில்லை.

நடந்தது இதுதான். யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகள். 'அ' என்பது 224, 174, 133. பழைய நோட்பேட் இந்தக் குறிமுறையில் சேமிக்கும்போது, கோப்பின் தலையில் தானாகவே 239, 187, 191 என்ற மூன்று பைற்றுகளை வைத்துவிடும். இதற்குப் பைற்று ஒழுங்குக் குறி என்று பெயர். 'இது ஒருங்குறிக் கோப்பு' என்று மற்ற விண்டோஸ் செய்நிரல்களுக்குச் சொல்லும் அடையாளமாக நோட்பேட் அதைப் பயன்படுத்தியது. திரையில் அதற்கு உருவம் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கோப்பு #! என்றே தொடங்குவதாகத் தோன்றும்.

கருவகத்துக்குத் தோற்றம் தேவையில்லை. 35, 33 என்ற இரண்டை எதிர்பார்த்த இடத்தில் 239, 187 இருக்கிறது. இயக்க முடியாது என்று கையை விரிக்கிறது. உடனே ஷெல் 1980க்கு முந்திய தன் பழைய வழக்கத்துக்குத் திரும்புகிறது: உள்ளே இருப்பது என்னுடைய மொழியாகத்தான் இருக்கும் என்று நம்பி, பைத்தன் கோப்பை ஷெல் கட்டளைகளாக வாசிக்கத் தொடங்குகிறது. பைத்தன் கோப்புகளின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் சொல் 'இம்போர்ட்'. பைத்தனில் அது ஒரு துணை நூலகத்தை உள்ளே அழைக்கும் சொல். வருடிய பக்கங்களைத் திருத்துபவர்கள் நிறுவியிருக்கும் இமேஜ்மாஜிக் மென்பொருளிலோ அதே பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. அது திரையைப் படமெடுக்கும். எந்தப் பகுதியை எடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் சுட்டி சிலுவையானது.

யூடிஎஃப்-8 குறிமுறையை 1992இல் வடிவமைத்தவர்கள் கென் தொம்சனும் ரொப் பைக்கும். தொம்சன் ரிட்சியோடு சேர்ந்து யுனிக்ஸை உருவாக்கியவர். அதே பெல் ஆய்வுகூடத்துக்காரர். அந்தக் குறிமுறைக்கு ஒழுங்குக் குறி தேவையே இல்லை. பைற்றுகளின் வரிசையில் குழப்பம் வர முடியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஒரே இடத்தில் பிறந்த இரண்டு நல்ல யோசனைகள், இடையில் வேறொருவர் சேர்த்த தேவையில்லாத அடையாளத்தால் மோதிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களுக்கு நோட்பேட் அந்த எச்சரிக்கையைக் காட்டியதில்லை. அவர்கள் யூடிஎஃப்-8ஐத் தெரியவும் இல்லை. இந்த மூன்று பைற்றுகளும் அவர்கள் கோப்பில் நுழையவுமில்லை. தமிழ், சிங்களம், அரபு என்று எழுதியவர்களின் தலையில்தான் இது விழுந்தது. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் குறியில்லாத யூடிஎஃப்-8ஐ இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பழைய கணினிகளும் பழைய கோப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மாணவி அந்த மூன்று பைற்றுகளை நீக்கிவிட்டு மறுபடி இயக்குகிறாள். இப்போது என்வ் பேசுகிறது: பைத்தன்3 என்று எதுவும் இல்லையாம். ஆனால் அது இருக்கிறது!

இது இரண்டாவது மறைபொருள். பழைய தொலையச்சு இயந்திரங்களில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு அசைவுகள் வேண்டும்: அச்சுத்தலை இடப்பக்கம் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலேற வேண்டும். முதலாவதற்குக் குறி 13, அடுத்ததற்கு 10. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகிறது. யுனிக்ஸ் 10 ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே கருவகம் என்வின் கையில் கொடுக்கும் உரைப்பானின் பெயர் ஏழு எழுத்துள்ள பைத்தன்3 அல்ல. கடைசியில் ஓர் உருவமற்ற 13 ஒட்டிக்கொண்ட எட்டெழுத்துப் பெயர். அந்தப் பெயரில் யாரும் இல்லை. விஎஸ் கோட் போன்ற தொகுப்பிகளில் சாளரத்தின் அடிப்பகுதியில் இந்த வரி முடிவு வகை காட்டப்படும். அங்கே சொடுக்கி மாற்றிவிடலாம். கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிற் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள், ஸ்கிரிப்டுகள் எப்போதும் யுனிக்ஸ் முடிவோடுதான் இருக்க வேண்டும் என்று களஞ்சியத்திலேயே ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம்.

விண்டோஸும் கைத்தொலைபேசியும்

விண்டோஸின் கருவகம் முதல் வரியைப் பார்ப்பதே இல்லை. ஒரு கோப்பை எதைக் கொண்டு திறப்பது என்பதை விண்டோஸ் பின்னொட்டைக் கொண்டுதான் முடிவெடுக்கிறது. ஆனால் 2012இல் வந்த பைத்தன் 3.3 முதல், விண்டோஸில் பைத்தனை நிறுவும்போது கூடவே ஒரு சிறிய ஏவி வருகிறது. அது முதல் வரியை வாசித்து, என்வ் முகவரியையும் புரிந்துகொண்டு, பொருத்தமான பதிப்பை எழுப்பும். விண்டோஸில் அப்படியொரு கோப்புறையே இல்லை என்றாலும் அதே வரி அங்கும் பயன்படுகிறது.

மடிக்கணினி இல்லாத மாணவர்கள் அன்ரொயிட் தொலைபேசியில் ரேர்மக்ஸ் என்ற செயலி மூலம் பைத்தன் பழகுவதுண்டு. அங்கே எல்லாமே செயலியின் சொந்தக் கோப்புறைக்குள் அடைபட்டிருக்கும். வழக்கமான முகவரிகள் பெரும்பாலும் கிடையாது. ரேர்மக்ஸ் வழக்கமான முகவரியைக் கண்டதும் இடையில் புகுந்து தன் கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. ஸ்கிரிப்டுகளின் முதல் வரியைத் திருத்திக் கொடுக்கும் ஒரு கட்டளையும் அதில் உண்டு.

தமிழில் எழுதிய செய்நிரலுக்கு

முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் ஆய்வுக் கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய 'எழில்', தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுதும் மொழி. அதன் உரைப்பான் பைத்தனில் எழுதப்பட்டது. எழிலில் எழுதிய கோப்பின் முதல் வரியில் எழில் கட்டளையின் முழு முகவரியை நேரே எழுதினால் என்ன ஆகும்? கருவகம் அங்கே போய்ப் பார்த்தால், அந்தக் கட்டளையும் #! என்று தொடங்கும் இன்னொரு ஸ்கிரிப்டாக இருக்கும். ஸ்கிரிப்டுக்கு உரைப்பான் இன்னொரு ஸ்கிரிப்ட். லினக்ஸ் 2008இன் இறுதியிலிருந்து இந்த அடுக்கை அனுமதிக்கிறது. மக் கருவகம் ஒரு படிக்கு மேல் இறங்காது.

என்வை நடுவில் வைத்தால் இந்தச் சிக்கல் தானாகவே கரைகிறது. கருவகம் முதலில் எழுப்புவது இயந்திர மொழியில் உள்ள என்வை. என்வ் எழிலை இயக்கச் சொல்லும்போது அது புதிதாகத் தொடங்கும் தனி இயக்கம். கருவகம் மறுபடி முதலாம் படியிலிருந்து எண்ணத் தொடங்கும். முகவரியைத் தவிர்க்க வந்த என்வ், எதிர்பாராத இந்த நன்மையையும் செய்கிறது.

கேட்டுப் போகக் கூடாத இடங்கள்

இவ்வளவு சொன்னதால் எல்லா ஸ்கிரிப்டிலும் என்வை எழுத வேண்டும் என்று ஆகாது. தேடற்பாதை பயனருக்குப் பயனர் மாறும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் குரொன் என்ற சேவையின் தேடற்பாதை மிகக் குறுகியது. மக் கணினியில் ஹோம்புரூ வைத்த இடத்தையோ ஃபிரீபிஎஸ்டியின் லோக்கல் கோப்புறையையோ அது பார்க்காமல் போகலாம். பகலில் கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் இரவில் தானாக ஓடாததற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். அதைவிட, தேடற்பாதையின் முன்பகுதியில் யாராவது பைத்தன்3 என்ற பெயரில் தன்னுடைய செய்நிரலை வைத்துவிட்டால் என்வ் அதையே எழுப்பும். நிருவாகி அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு இது ஆபத்து.

அதனால்தான் பைத்தனின் நிறுவி, ஒரு ஸ்கிரிப்டை ஒரு கணினியில் நிறுவும்போது, அந்தக் கணினியின் முழு முகவரியை முதல் வரியில் தானே எழுதிவிடுகிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையும் நெற்பிஎஸ்டியும் நிக்ஸ்ஓஎஸும் மென்பொருட் பொதிகளைக் கட்டும்போதே இப்படி முதல் வரிகளைத் திருத்துகின்றன. பயணத்தில் இருக்கும் கோப்புக்கு என்வ். ஓரிடத்தில் குடியமர்ந்த கோப்புக்கு முழு முகவரி. பலகாலமாக இது பற்றி நடக்கும் வாதத்துக்கு என் தீர்ப்பு அதுதான்.

முழு முகவரிக்கு ஒரு நீள வரம்பும் உண்டு. லினக்ஸில் நீண்டகாலம் கருவகம் 128 பைற்றுகளுக்கு மேல் பார்த்ததில்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 2019இன் தொடக்கத்தில் லினக்ஸ் 5.0க்காக அதைத் திருத்தி, வெட்டுப்பட்ட வரியுள்ள கோப்பை இயக்கவே மறுக்கும்படி செய்தார்கள். நியாயமான திருத்தம்தான். ஆனால் நிக்ஸ்ஓஎஸில் நீண்ட முதல் வரி கொண்ட, பேர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் அந்த வெட்டையும் தாங்கி ஓடிக்கொண்டிருந்தன. பேர்ல் தானே கோப்பின் முதல் வரியை மறுபடி வாசித்துக்கொள்ளும். திருத்தத்தால் அவை நின்றுபோக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த 5.1இல் வரம்பு 256 ஆனது. நம் பக்கத்துக் கணக்கொன்று: 'யாழ்ப்பாணம்' என்ற பெயர் ஒருங்குறியில் 11 குறிகள், அதாவது 33 பைற்றுகள். பைத்தனை அந்தப் பெயருள்ள கோப்புறைக்குள் நிறுவினால் பழைய வரம்பில் கால்வாசிக்கு மேல் ஊர்ப் பெயருக்கே போய்விடும். கோப்புறைப் பெயரின் நடுவில் இடைவெளி விட்டால் இன்னும் கேடு. முகவரி அந்த இடைவெளியோடு முடிந்துவிட்டதாகவே கருவகம் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டிலும் பாமினிக் கோப்புகள் இருந்து, அவற்றை மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மற்றவர்களுக்கும் அனுப்ப நினைத்தால், முதல் வரியில் என்வும் பைத்தன்3உம் இருக்கட்டும்; ஒழுங்குக் குறி இல்லாத யூடிஎஃப்-8 ஆகவும் யுனிக்ஸ் வரி முடிவோடும் சேமியுங்கள். கூடவே ஒரு வரி விளக்கமும் எழுதி அனுப்புங்கள்: ஓடாவிட்டால் பைத்தன்3 என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுக்கவும். அப்படி இயக்கும்போது கருவகம் முதல் வரியைப் பார்ப்பதே இல்லை.